எந்தக் கார்ட்டூன் போட்டால் பிள்ளை காய் சாப்பிடும்? நான்கு வழிகள், ஒரு ஒப்பீடு

போன மாதம் பெற்றோர் கூட்டம் முடிந்து எல்லோரும் கிளம்பிக்கொண்டிருந்தபோது ஒரு அம்மா மட்டும் தயங்கி நின்றார். "மிஸ், பெரியவளுக்குப் பதிமூணு வயசு, சின்னவனுக்கு அஞ்சு. ரெண்டு பேரும் காயைத் தட்டு ஓரத்துல ஒதுக்கி வெச்சுடுறாங்க. சொல்லிச் சொல்லி வாய் வலிக்குது. கார்ட்டூன்னா மட்டும் அசையாம பார்க்குறாங்க. அதுலயே நல்லதா ஏதாவது இருந்தா சொல்லுங்க, போட்டு விடுறேன்."

இந்தக் கேள்வி என்னிடம் அடிக்கடி வரும். நான் உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் எடுக்கிறேன், மூன்று வருஷமாக அறிவியல் மன்றத்துப் பிள்ளைகளோடு போனில் சின்னச் சின்ன அனிமேஷன் படங்களும் எடுக்கிறோம். அந்த அம்மாவுக்கு அன்று நின்றவாக்கில் அரைகுறையாகத்தான் பதில் சொல்ல முடிந்தது, ஏனென்றால் ஐந்து வயசுப் பையனிடம் பலிக்கிற ஒன்று பதிமூன்று வயசுப் பெண்ணுக்கு எரிச்சலைத்தான் கொடுக்கும். ஆற அமர யோசித்து எழுதியது இது.

## முதலில், எதை வைத்து எடை போடுவது

திரைக்கும் தட்டுக்கும் எவ்வளவு தூரம். எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் பெரிய அளவுகோல். ஒரு புதுக் காயைக் குழந்தை ஏற்றுக்கொள்ள 8 முதல் 15 தடவை வரைகூட ருசி பார்க்க வேண்டியிருக்கும் என்று குழந்தை உணவு ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. அனிமேஷன் செய்யக்கூடியது அந்த முதல் ஒன்றிரண்டு வாய்க்குக் கதவைத் திறந்து விடுவதுதான், மீதி அத்தனையும் அடுப்படியிலும் தட்டிலும் நடக்க வேண்டியது. அதனால் படம் பார்த்த அன்றே அந்தக் காய் தட்டுக்கு வருமா என்று கேளுங்கள்.

வயது. ஆறு வயசுக்குள், ஆறிலிருந்து பத்து பதினொன்று வரை, அதற்கு மேல் என்று மூன்றாகப் பிரித்தால் போதும்.

நம் வீட்டுச் சாப்பாடா. பிக்சாரின் 'இன்சைட் அவுட்' (2015) படத்தில் அந்தச் சின்னப் பெண் வெறுத்து ஒதுக்குவது ப்ரோக்கோலி. ஜப்பானில் வெளியிடும்போது அதைப் பச்சைக் குடைமிளகாயாக மாற்றி வரைந்தார்கள், அங்கே பிள்ளைகள் ப்ரோக்கோலியை அப்படி ஒதுக்குவதில்லை என்பதால். அவ்வளவு பெரிய நிறுவனமே ஒரு காய்க்காகக் காட்சியை மாற்றுகிறதென்றால், முருங்கைக்கீரையும் பாகற்காயும் புடலங்காயும் சமைக்கிற வீட்டில் ப்ரோக்கோலிப் பாட்டைப் போட்டுவிட்டு என்ன எதிர்பார்க்க முடியும்?

செலவு, பின்விளைவு. செலவு என்றால் பணம் மட்டும் இல்லை, பெரியவர்களுடைய நேரமும்தான். பின்விளைவு என்று நான் சொல்வது திரை நேரம் கூடுவது, நடுநடுவே வரும் விளம்பரம், அப்புறம் உடம்பைப் பற்றிய வெட்கம்.

ஒன்றை மட்டும் இந்த ஒப்பீட்டிலேயே சேர்க்கவில்லை. போனில் கார்ட்டூனை ஓடவிட்டு, பிள்ளை வாயைத் திறந்து வைத்திருக்கும்போது காயை உள்ளே தள்ளுவது. நிறைய வீடுகளில் நடக்கிறது, களைத்துப்போய்ச் செய்கிறார்கள், அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. ஆனால் பிள்ளை அப்போது என்ன சாப்பிடுகிறோம் என்றே பார்ப்பதில்லை, வயிறு நிறைந்ததும் அதற்குத் தெரிவதில்லை. இருபது நாள் அப்படி அவரைக்காய் ஊட்டினாலும் இருபத்தோராம் நாள் போன் இல்லாமல் வைத்தால் அது பிள்ளைக்குப் புதுக் காய்தான்.

## வழி 1: ஏற்கெனவே இருக்கிற கார்ட்டூனைப் போடுவது

இதற்கு மூத்த முன்னோடி, கீரை சாப்பிட்டதும் பலம் பெறும் மாலுமி பாப்பாய். 1929இல் செய்தித்தாள் சித்திரக்கதையில் வந்து 1933இல் அனிமேஷனுக்குள் நுழைந்தவன். டெக்சாஸில் கீரை விளைவிக்கிற கிரிஸ்டல் சிட்டி என்ற ஊர் 1937இல் அவனுக்குச் சிலையே வைத்தது. தாய்லாந்தின் மகிடோல் பல்கலைக்கழகத்தார் நான்கைந்து வயசுப் பிள்ளைகளை வைத்து எட்டு வாரம் நடத்திய ஆய்வு 2010இல் வெளியானபோது, 'பாப்பாய் பார்த்தால் பிள்ளைகள் காய் சாப்பிடுகிறார்கள்' என்று செய்தி பரவியது. பிள்ளைகள் சாப்பிடும் காய் வகைகள் கூடியது உண்மை. ஆனால் அந்த எட்டு வாரமும் அவர்கள் விதை நட்டார்கள், காய் சூப் வைத்தார்கள், கூட்டமாக உட்கார்ந்து பழம் ருசி பார்த்தார்கள், அதோடு சேர்த்துத்தான் பாப்பாயும் பார்த்தார்கள். தலைப்புச் செய்திக்குக் கார்ட்டூன் மட்டும் போய்ச் சேர்ந்தது.

வேல்ஸில் பேங்கர் பல்கலைக்கழகத்தின் உளவியலாளர்கள் உருவாக்கிய 'ஃபுட் டியூட்ஸ்' திட்டமும் இதையே இன்னும் தெளிவாகக் காட்டுகிறது. காய் பழம் சாப்பிட்டுப் பலம் பெறும் பிள்ளை நாயகர்கள் வில்லன்களோடு மோதும் சாகச வீடியோவைப் பள்ளியில் போடுவார்கள், அதே நாளில் ஒரு துண்டுக் காயும் ஒரு துண்டுப் பழமும் ருசி பார்க்கக் கொடுப்பார்கள், சாப்பிட்டால் ஒரு சின்னப் பரிசு. இது 16 பள்ளி நாட்கள் தொடரும். 2007 முதல் அயர்லாந்தில் நாடு முழுக்கப் பள்ளிகளுக்குக் கொண்டு போனார்கள். வீடியோ, ருசி, பரிசு என்ற மூன்றில் ஒன்றை எடுத்துவிட்டு மற்றதை மட்டும் வைத்துக்கொண்டால் அது வேறு விஷயம் ஆகிவிடும்.

இதில் கண்ணுக்குத் தெரியாத செலவு, நாயகன் எதைச் சாப்பிடுகிறான் என்பது நம் கையில் இல்லாததுதான். சோட்டா பீமுக்குப் பலம் கொடுப்பது லட்டு. டோரேமான் டோராயாக்கி என்ற ஜப்பானிய இனிப்புக்கு உயிரை விடுவான். ஷின்-சானுக்குக் குடைமிளகாய் ஆகாது, எங்கள் பக்கத்து வீட்டுக் குட்டி குடைமிளகாயை வெறுக்கக் கற்றுக்கொண்டதே அங்கிருந்துதான், அதுவரை பிரியாணியில் வந்தால் பேசாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. இலவசமாகப் பார்க்கிற இடத்தில் ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை பிஸ்கட் விளம்பரம் வருவதையும் கணக்கில் வையுங்கள். இரண்டிலிருந்து நான்கு வயசுப் பிள்ளைகளுக்குத் திரை ஒரு நாளில் ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, இரண்டு வயசுக்குள் என்றால் வேண்டவே வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது. 'நல்ல கார்ட்டூன்' பார்த்தாலும் அந்த ஒரு மணி நேரத்திலிருந்துதான் கழியும்.

எப்போது இது சரி? மூன்றிலிருந்து ஏழு வயசு, வீட்டில் கூட உட்கார ஒருவர் இருக்கிறார், பத்து நிமிஷத்துக்கு மேல் போடுவதில்லை, படத்தை நிறுத்தியதும் அதே காய் பச்சையாகவோ பொரியலாகவோ கையில் கிடைக்கும் என்றால் தாராளமாகப் போடுங்கள்.

## வழி 2: 'வைட்டமின் ஏ எதில் இருக்கிறது' என்று விளக்கும் வீடியோ

பள்ளிகள் முதலில் கை வைப்பது இதில்தான், நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். ஸ்மார்ட் போர்டில் போட்டால் நாற்பது பேரும் பார்ப்பார்கள், பாடத்திட்டத்தோடும் ஒட்டும்.

சின்னப் பிள்ளைகளுக்கு இது பலிப்பதில்லை என்பதோடு, எதிராகவும் போகக்கூடும். 2014இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் மூன்றிலிருந்து ஐந்து வயசுப் பிள்ளைகளுக்குப் படக்கதை சொன்னார்கள். 'இதைச் சாப்பிட்டால் பலம் வரும்' என்று கதையில் வந்தபோது, ஒன்றுமே சொல்லாமல் கொடுத்ததைவிடக் குறைவாகத்தான் சாப்பிட்டார்கள். நல்லது என்றால் ருசி இருக்காது என்று அந்த வயசிலேயே அவர்களாக முடிவு கட்டிக்கொள்கிறார்கள்! நாம் தினமும் "சாப்பிடு, உடம்புக்கு நல்லது" என்று சொல்லும்போதும் இதுதான் நடக்கிறது. பலம் தரும் என்பதை விட்டுவிட்டு "கடிச்சுப் பாரு, மொறுமொறுன்னு இருக்கும்" என்று சொன்னால் போதும்.

பெரிய பிள்ளைகளிடம் இதன் கதை வேறு. இவர்களுக்குத் தெரியாமல் இல்லை. எட்டாம் வகுப்பில் யாரைக் கேட்டாலும் கேரட்டில் என்ன சத்து என்று சொல்லிவிடுவார்கள், சொல்லிவிட்டு இடைவேளையில் பத்து ரூபாய் பாக்கெட்டைப் பிரிப்பார்கள்.

இருந்தாலும் கண்ணால் பார்க்க முடியாத ஒன்றை ஒரே ஒரு கருத்தாக எடுத்துக்கொண்டு காட்டுவதற்கு அனிமேஷனைப் போல எதுவும் இல்லை. கீரையில் இரும்புச்சத்து இருக்கிறது, ஆனால் உடம்பு அதை லேசில் எடுத்துக்கொள்ளாது, கூடவே எலுமிச்சையோ நெல்லிக்காயோ போனால் எடுத்துக்கொள்ளும், சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் மறுபடியும் தடுக்கும். இதைக் கரும்பலகையில் எழுதினால் அரைப் பக்கம், படமாக ஓடவிட்டால் நாற்பது வினாடி. பள்ளியில் வாராவாரம் இரும்புச்சத்து மாத்திரை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனதும் டீ குடிக்கிற பெண்பிள்ளைகளுக்கு இது நேரடியாக உதவும். இப்படிக் குறிப்பாக ஒன்று கையில் இருந்தால் போடுங்கள். 'சரிவிகித உணவு' என்று பொதுவாக ஒன்று போடுவதற்குப் பதில் அந்த வகுப்பில் சுண்டல் வேகவைத்துக் கொடுக்கலாம்.

## வழி 3: கார்ட்டூன் நாயகனைத் தட்டுக்குப் பக்கத்தில் கொண்டு வருவது

ஸ்டிக்கர், டிஃபன் பாக்ஸ், படம் போட்ட தட்டு, காய்க்கு ஒரு செல்லப் பெயர், எல்லாம் இந்த வகை. தூரம் என்ற அளவுகோலில் இதுதான் முதல் மதிப்பெண் வாங்கும், ஏனென்றால் நாயகன் தட்டிலேயே இருக்கிறான்.

ஆனால் யேல் பல்கலைக்கழகத்தார் 2010இல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். நான்கிலிருந்து ஆறு வயசுப் பிள்ளைகள் 40 பேருக்கு ஒரே பண்டத்தை இரண்டு பொட்டலமாகக் கொடுத்தார்கள், ஒன்றில் டோரா, ஷ்ரெக், ஸ்கூபி-டூ மாதிரி தெரிந்த முகம், இன்னொன்றில் வெறும் உறை. படம் போட்டதுதான் ருசி என்றார்கள் பிள்ளைகள். பிஸ்கட்டிலும் ஜெல்லி மிட்டாயிலும் அந்த வித்தியாசம் தெளிவாகத் தெரிந்தது, கேரட்டில் மங்கலாகத்தான் இருந்தது. நாயகனின் முகம் நமக்கு உதவுவதைவிட மிட்டாய்க் கம்பெனிக்குத்தான் அதிகம் உதவுகிறது. சிலி நாட்டில் 2016இல், சர்க்கரை உப்பு கொழுப்பு மிகுந்து கறுப்பு எச்சரிக்கை முத்திரை வாங்கிய பாக்கெட்டுகளில் கார்ட்டூன் படமே போடக் கூடாது என்று சட்டம் கொண்டு வந்தது இதனால்தான்.

'செசமி ஸ்ட்ரீட்' என்ற குழந்தைகள் நிகழ்ச்சியில் வரும் எல்மோவின் ஸ்டிக்கர் ஒட்டிய ஆப்பிளைப் பிள்ளைகள் அதிகம் எடுத்தார்கள் என்று கார்னெல் பல்கலைக்கழகத்திலிருந்து 2012இல் வந்த ஆய்வை இன்னமும் பலர் மேற்கோள் காட்டுகிறார்கள். அது 2017இலேயே திரும்பப் பெறப்பட்டுவிட்டது, அதை நம்பி ஸ்டிக்கர் கட்டு வாங்க வேண்டாம்.

புதுமை தீர்ந்ததும் ஸ்டிக்கரின் வேலையும் தீர்ந்துவிடும். படம் போட்ட டிஃபன் பாக்ஸ் சாதாரண டப்பாவைவிட விலை கூடுதல், அடுத்த வருஷம் பிள்ளைக்கு வேறு நாயகன் பிடித்துவிடும். காசு செலவழிக்காமல் செய்ய ஒரு வழி இருக்கிறது: பிள்ளையே ஒரு காய்க்குக் கண், மூக்கு வரைந்து பேர் வைக்கட்டும், அந்தப் பேரையே வீட்டில் எல்லோரும் சொல்லுங்கள். "இன்னைக்கு வெண்டைக்காய் மாமா வந்திருக்காரு" என்றால் ஐந்து வயசுக்கு அது போதும். ஒன்பது வயசுக்கு மேல் இதை முயன்று பார்க்காதீர்கள், நம் மேல் இருக்கிற மரியாதையும் போய்விடும்.

## வழி 4: பிள்ளைகளே அனிமேஷன் எடுப்பது

பத்து வயசுக்கு மேல் என்றால் எனக்கு இதுதான் முதல் தேர்வு. காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

வளர்ந்த பிள்ளைக்கு 'உனக்கு நல்லது' என்ற பேச்சே பிடிக்காது, தன்னை யாரும் ஏமாற்றுகிறார்கள் என்றால் கோபம் வரும். டெக்சாஸில் எட்டாம் வகுப்பு மாணவர்களிடம் நடத்தி 2016இல் வெளியான ஆய்வு இந்தக் கோபத்தைத்தான் பயன்படுத்திக்கொண்டது. ஒரு குழுவுக்கு வழக்கமான ஆரோக்கியப் பாடம். இன்னொரு குழுவுக்கு, நொறுக்குத் தீனிக் கம்பெனிகள் எப்படித் திட்டம் போட்டுத் தங்களைப் பழக்கப்படுத்துகின்றன என்ற விவரம். இரண்டாவது குழு மறுநாள் சத்தான தின்பண்டத்தை அதிகம் தேர்ந்தெடுத்தது. 2019இல் வந்த தொடர் ஆய்வில் பையன்களிடம் இந்த மாற்றம் மூன்று மாதம் வரை பள்ளி உணவகத்தில் தெரிந்தது. என் வகுப்பில் நான் காண்பதும் இதுதான், லேபிளைப் படித்துக் கணக்குப் போட வைத்தால் பிள்ளைகளுக்கு வருகிற ரோஷம் வேறு எதிலும் வருவதில்லை.

அந்த ரோஷத்தைப் படமாக எடுக்க வைக்கிறோம். 100 மில்லி கோலாவில் பொதுவாக 10 முதல் 11 கிராம் சர்க்கரை, அப்படியானால் 250 மில்லி பாட்டிலில் 25 முதல் 27.5 கிராம் வரை, ஐந்து ஆறு ஸ்பூன். ஒவ்வொரு ஸ்பூனாகப் பாட்டிலுக்குள் தானே நடந்து போகிற மாதிரி ஒரு படம். பேச்சே கிடையாது, பதினைந்து வினாடி.

செய்முறை ஒன்றும் பெரிசில்லை. ஒரு போன், புத்தகங்களை அடுக்கி அதன் மேல் அசையாமல் நிறுத்தி ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டுவது, ஸ்டாப் மோஷன் ஸ்டுடியோ மாதிரி இலவசமாகக் கிடைக்கும் ஒரு ஆப். காயைக் கொஞ்சம் நகர்த்து, ஒரு படம் எடு, மறுபடி நகர்த்து. ஒரு வினாடிக்குப் பத்துப் படம் வைத்தால் முப்பது வினாடிக்கு முந்நூறு. ஜன்னல் வெளிச்சத்தில் எடுக்காதீர்கள், மேகம் போகப் போகப் படம் மினுக்கும், கதவைச் சாத்திவிட்டு டியூப்லைட்டில் எடுங்கள், ஃபோகஸைப் பூட்டி வையுங்கள்.

முந்நூறு தடவை ஒரு பீட்ரூட்டைக் கையில் எடுத்து வைக்கிற பிள்ளைக்கு என்ன ஆகிறது என்பதை நேரில் பார்க்க வேண்டும். முதல் சனிக்கிழமை முருங்கைக்கீரையைத் தொட்டதும் "நாறுது மிஸ்" என்று கை உதறிய பையன், மூன்றாவது சனிக்கிழமை கீரை விளக்கு வெளிச்சத்தில் ஒரு மணி நேரத்தில் வாடிப்போகிறது என்று கவலைப்பட்டு ஈரத்துணி கொண்டு வந்து போர்த்தினான். காட்சிக்காக நறுக்கிய கேரட்டில் பாதியை எடுக்கும்போதே வாயில் போட்டுவிடுவார்கள். தூரம் பற்றி முதலில் சொன்னேனே, இங்கே அந்தத் தூரமே கிடையாது. ஆனால் மேசையில் புரண்ட காயைச் சாப்பிட விடாதீர்கள், கழுவிய துண்டுகளைத் தனித் தட்டில் வைத்துவிடுங்கள், அது தானாகக் காலியாகும்.

இதற்கும் செலவு உண்டு. ஒரு நிமிஷப் படத்துக்கு எங்களுக்கு நான்கு சனிக்கிழமை ஆகிறது. போன் யாருடையதோ அவன்தான் டைரக்டர் ஆகிவிடுவான், கூச்சப்படுகிற பிள்ளைகள் காய் நறுக்குவதோடு நின்றுவிடுவார்கள், முறை வைத்து மாற்றி விடுங்கள். இவற்றையெல்லாம்விட எனக்குப் பெரிய கவலை கதைதான். எந்தக் குழுவிடம் கதை கேட்டாலும் முதலில் வருவது 'ஒரு குண்டுப் பையன் சிப்ஸ் சாப்பிட்டான், எல்லாரும் சிரிச்சாங்க' என்பதுதான். வகுப்பில் அதைக் கேட்டுக்கொண்டு தலை குனிந்து உட்கார்ந்திருக்கிற பிள்ளை ஒன்றாவது இருக்கும். அந்தக் கதையை அங்கேயே நிறுத்த வேண்டும். எங்கள் மன்றத்தில் ஒரே ஒரு சட்டம்: யாருடைய உடம்பும் கதையில் வரக் கூடாது. காய் வரலாம், பாக்கெட் வரலாம், பெட்டிக்கடை வரலாம். தின்பண்டத்தைக்கூடக் 'கெட்டது' என்று எழுத விடுவதில்லை, எங்களிடம் அதற்கு ஏற்கெனவே நல்ல பேர் இருக்கிறது, நாள்கிழமைப் பண்டம். அதிரசமும் முறுக்கும் நாள்கிழமைக்கு, சுண்டல் எந்நாளுக்கும்.

வீட்டில் ஒரே பிள்ளை என்றால் இந்த வழி கொஞ்சம் சிரமம், கூட்டாளிகள் இருந்தால்தான் களை கட்டும். அக்கம்பக்கத்துப் பிள்ளைகளைக் கூட்டி விடுமுறையில் செய்யலாம்.

## ஒரே பார்வையில்

| | எந்த வயது | தட்டுக்கு எவ்வளவு பக்கம் | வெளிப்படையான செலவு | மறைந்திருக்கும் செலவு |
|---|---|---|---|---|
| கார்ட்டூன் தொடர் | 3–7 | அன்றே காய் வந்தால் மட்டும் | டேட்டா | திரை நேரம், விளம்பரம், நாயகனின் லட்டு |
| விளக்க வீடியோ | 11க்கு மேல், ஒரே கருத்து | தூரம் | கிட்டத்தட்ட இல்லை | சின்னப் பிள்ளைகளிடம் எதிராகப் போகும் |
| ஸ்டிக்கர், செல்லப் பெயர் | 3–8 | தட்டிலேயே | படம் போட்ட பொருள்களுக்குக் கூடுதல் விலை | சீக்கிரம் சலிக்கும் |
| தாங்களே எடுப்பது | 10க்கு மேல் | கையிலேயே | போன், கொஞ்சம் காய் | பல சனிக்கிழமைகள், கேலிக் கதைகள் |

## சரி, அந்த வீட்டுக்கு எது?

எந்த வழி என்று பார்ப்பதற்கு முன் ஒரு நாள் பிள்ளையின் சாயங்காலத்தைக் கவனியுங்கள் என்று அந்த அம்மாவிடம் அப்புறம் போனில் சொன்னேன். பெரியவள் நாலரைக்குப் பள்ளி விட்டு ஐந்துக்கு டியூஷன் போய் எட்டுக்கு வீடு வருகிறாள், நடுவில் பசிக்கும்போது கைக்கெட்டுவது பஃப்ஸும் பாக்கெட்டும்தான். பள்ளியைச் சுற்றி 50 மீட்டருக்குள் கொழுப்பு, உப்பு, சர்க்கரை மிகுந்த பண்டங்களை விற்கக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020இல் விதி போட்டிருக்கிறது, ஆனால் டியூஷன் வாசலில் யார் அளப்பது? அந்த மூன்று மணி நேரத்துக்குப் பையில் ஒரு டப்பா வறுத்த வேர்க்கடலையோ சுண்டலோ போகாதவரை எந்த அனிமேஷனும் அவளிடம் எடுபடாது. டப்பா போக ஆரம்பித்த பிறகு, கோலாப் படத்துக்கு அவளையே ஸ்பூனை நகர்த்தச் சொல்லப் போகிறேன், மன்றத்தில் ஓர் இடம் இருக்கிறது.

சின்னவனுக்கு வாரத்தில் மூன்று நாள், பத்து நிமிஷம், அம்மாவோ பாட்டியோ கூட உட்கார்ந்து ஒரு கார்ட்டூன். டிவியை நிறுத்தியதும் ஒரே ஒரு காய், நகம் அளவுத் துண்டு, துப்பினாலும் திட்டாமல். மாதம் முழுக்க அதே காய்.

"எந்தக் காயில ஆரம்பிக்கட்டும் மிஸ்?" என்றார். அவனையே மார்க்கெட்டுக்குக் கூட்டிப்போய் ஒன்றைக் கையில் எடுக்கச் சொல்லுங்கள் என்றேன். சுரைக்காயை எடுத்திருக்கிறான், தூக்க முடியாமல் இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு.